தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதாதீர்கள்

நீலகிரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வரவிருக்கும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், வருவாய், நகராட்சி, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், அவர்களை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2027 பிப்ரவரியில், 16 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, உங்களில் பலர் கைப்பேசியும் கையுமாக உதகையின் காந்தல், தலையாட்டுமந்து, எல்க்ஹில், லவ்டேல் சரிவுகளிலும், கேத்தி, முத்தோரை பாலாடா பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறீர்கள். அந்தப் படிகளில் பெரும்பாலானவை குடியிருப்பவர்களே மண்ணை வெட்டிக் கல் பதித்துக் கட்டிக்கொண்டவை. பனி பெய்த காலையில் வழுக்கும், பார்த்து வாருங்கள். அந்த வீடுகளில் கணிசமானவை, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இந்த மலையில் தங்கிவிட்ட ‘தாயகம் திரும்பியோர்’ குடும்பங்களுடையவை. என் வீடும் அவற்றில் ஒன்று. நீங்கள் கேட்கப்போகும் பல கேள்விகளில் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும், நீங்கள் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். அது தொழில் பற்றிய கேள்வி.

நான் உதகையில் 19 ஆண்டுகளாக விண்ணப்பம் நிரப்பித் தரும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். நகல் எடுப்பது, புகைப்படம் ஒட்டுவது, சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் நலவாரிய அட்டைக்கும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எதிரே உட்காருபவரிடம் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் கேட்டு முடித்து, “என்ன தொழில்?” என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்லும் விடை, “கூலிதான்க்கா, அப்படியே போட்டுருங்க” என்பதே. நானும் போட்டேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சொல்லை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. வரிசையில் ஆள் நிற்கிறது, கட்டம் சிறியது, இரண்டெழுத்தில் வேலை முடிகிறது. ஆகவே இந்த மடலில் நான் உங்கள் மீது சொல்லும் குறை எதுவானாலும், அதில் முதல் பங்கு எனக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே தொடர்கிறேன்.

கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தின் பெயர். அது வேலையின் பெயர் ஆகாது. மாதச் சம்பளம் வாங்குகிறவரை யாரும் தொழில் ‘சம்பளம்’ என்று எழுதுவதில்லை. எங்கள் சொல்லே கப்பலேறிப் போய், வெள்ளைக்காரத் துரைமாரின் கணக்குப் புத்தகங்களில் ஒரு மனித வகையின் பெயராக மாறி, தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை எங்கள் முன்னோர்மீது ஒட்டிக்கிடந்துவிட்டு, அவர்களோடு சேர்ந்தே திரும்பி வந்தது. அந்தத் தோட்டங்களில் 1921 வரை ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு உடன் போக வேண்டும். அவருக்கு என்ன வேலை தெரியும் என்பதைவிட என்ன கடன் இருக்கிறது என்பதே அந்தச் சீட்டுக்கு முக்கியம். ஆனால் அதே தோட்டத்துப் பேச்சில், ஒரு நாள் வேலை செய்து முடித்ததற்கு ‘ஒரு பேர்’ என்று பெயர். “இந்த மாசம் இருபத்திரண்டு பேர் போட்டேன்”, “மழையில இன்னிக்கு அரைப் பேர்தான்” என்று என் அம்மா இன்றும் சொல்வார். நாள் உழைப்பைப் பேர் என்று அழைத்த கூட்டத்தின் உழைப்புக்கு, இந்த மலைக்கு வந்த பிறகு ஏடுகளில் பேரே இல்லை.

வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியை வேகமாகக் கடந்துவிடலாம். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களின் எண்ணிக்கையை 9,75,000 என்று வைத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் பெற்றோர் தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். தமிழ்நாடு அரசு 1968-இல் வனத்துறையின்கீழ்த் தொடங்கி 1976-இல் ‘டேன்டீ’ என்ற கழகமாக்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காதவர்களுக்குத் தொழிற்கடன் என்றொரு ஏற்பாடு இருந்தது. என் அப்பா அந்த வகை. ஹப்புத்தளைத் தோட்டத்தில் அவர் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள், தேயிலை ஆலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாடவைத்த கொழுந்தைக் கையில் அள்ளி ஒரு முறை நுகர்ந்தால், இன்னும் எவ்வளவு நேரம் காற்று வேண்டும் என்று சொல்லக் கூடியவர். இங்கே வந்ததும் அவருடைய தாள்களில் தொழில் ‘வியாபாரம்’ ஆகிவிட்டது. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெட்டிக்கடை வைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தார்கள். வாழ்நாளில் ஒரு பொருளையும் விற்றறியாத மனிதர், ஊரும் உறவும் தெரியாத இடத்தில், அதுவும் அந்த வெயிலில், என்ன வியாபாரம் செய்வார்? இரண்டாம் ஆண்டு கடை மூடியது. 1977-இல், என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, தெரிந்த குளிரையும் தெரிந்த செடியையும் தேடி மலையேறினார்கள். இப்படி வியாபாரி என்று எழுதப்பட்டு, வியாபாரத்தில் தோற்று, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறி வந்த குடும்பங்கள் ஏராளம். ஒரு மனிதரின் தொழிலைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

உங்களுக்கு முன் இந்த மாவட்டத்தை எண்ணியவர்களின் கணக்கிலேயே அந்த ஏற்றம் தெரிகிறது. 1971-இல் 4,94,015 ஆக இருந்த நீலகிரியின் மக்கள்தொகை 1981-இல் 6,30,169 ஆனது. அந்த உயர்வு முழுவதும் நாங்களே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்தாண்டில் மலையேறியவர்களில் நாங்கள் பெரும் கூட்டம். பிறகு 2001-இல் 7,62,141 என்று உச்சத்தைத் தொட்ட எண்ணிக்கை 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்கு இறங்கிப் போன பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே விரல்விட்டு எண்ணலாம். தலைகளின் எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அந்தத் தலைகளுக்குக் கீழே இருக்கும் கைகள் என்ன செய்கின்றன என்பதுதான் மங்கலாக இருக்கிறது.

கேரட்டை எடுத்துக்கொள்வோம். உதகையைச் சுற்றியுள்ள சரிவு நிலங்களில் விளையும் கேரட், பகல் வெளிச்சத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும் என்றால், அது நிலத்தைவிட்டு நள்ளிரவிலேயே புறப்பட்டாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் விளக்கெரியும். மேஸ்திரியின் பிக்கப் வண்டி முனையில் வந்து நிற்கும். கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்சும் நெற்றி விளக்குமாக ஆணும் பெண்ணும் ஏறிப் போவார்கள். தோட்டத்தில் ஒரு கூட்டம் பிடுங்கும். பிடுங்குவது எளிது என்று நினைப்பவர்கள் உறைபனியில் இறுகிய மண்ணில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வேர் பாதியில் முறிந்தால் அது கழிவு, பிடுங்கியவருக்கு ஏச்சு. இன்னொரு கூட்டம் தழையை அறுக்கும். மூன்றாவது கூட்டம் வளைந்தது, வெடித்தது, சிறியது என்று தரம் பார்க்கும். மூட்டை பிடிப்பவர் வேறு, அந்த மூட்டையை முதுகில் ஏற்றி, கால் வைக்க இடமில்லாத வரப்பு வழியாகச் சாலை வரை ஏற்றிக் கொண்டுவருபவர் வேறு. அவருக்கு மூட்டைக் கணக்கில்தான் பணம். பிறகு மெஷின் கொட்டகை. சுழலும் உருளைக்குள் தண்ணீரும் கேரட்டும் எந்த அளவில் போக வேண்டும், எத்தனை சுற்றில் மண் போகும், எப்போது நிறுத்தாவிட்டால் தோல் போகும் என்பதெல்லாம் மெஷின் ஓட்டுபவரின் கைப்பழக்கம். அதன் பிறகு லாரியில் அடுக்குபவர், தார்ப்பாய் கட்டுபவர், ஓட்டுநர். ஏழெட்டுத் தொழில்கள், ஏழெட்டு விதமான தேர்ச்சி, ஏழெட்டு விதமான உடல்நோவு. என் கடைக்கு வந்தால் எல்லோரும் கூலி.

22 ஆண்டுகள் கேரட் மெஷின் ஓட்டிய ஒருவர், சொந்தமாக ஒரு பழைய மெஷினை வாங்குவதற்காக வங்கி ஒன்றில் கடன் கேட்டுப் போனார். அவருடைய குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எல்லாவற்றிலும் தொழில் கூலி. இயந்திரம் பற்றிய அனுபவத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாராம். அந்தக் கடன் விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான். அதிலும் கூலி என்றே எழுதியிருந்தேன். இந்த மடலை எழுதும் எண்ணம் அன்றைக்குத்தான் தோன்றியது.

மற்ற தொழில்களை இந்த அளவு விரித்துச் சொல்ல இடமில்லை. மண் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். பொக்லைன் இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள இந்த மாவட்டத்தில், வீட்டுக்குத் தளம் எடுக்கவும் தடுப்புச் சுவருக்குக் குழி தோண்டவும் கடப்பாரையோடு இறங்குபவர்கள் அவர்கள். 2024 பிப்ரவரி 7 அன்று லவ்டேல் பக்கத்தில் கட்டுமானப் பணியின்போது கட்டடம் இடிந்து விழுந்ததில் ஆறு பெண்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் எந்தச் சமூகம் என்பது இங்கே பேச்சில்லை, மண் வெட்டும் இடத்தில் பெண்கள் எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதை அன்றுதான் பலரும் அறிந்தார்கள் என்பதே பேச்சு. சீகை மரமும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரமும் வெட்டுபவர்கள், இலை அரித்துக் கொண்டுவந்து தைலம் காய்ச்சுபவர்கள், காட்டேஜ்களில் சமைப்பவர்கள், ஆளில்லாத பங்களாக்களை ஆண்டு முழுவதும் காவல் காப்பவர்கள், பூங்காக்களில் மே மாதக் கண்காட்சிக்காகப் பல மாதங்களுக்கு முன்பே தொட்டியில் நாற்று வைப்பவர்கள், சந்தையில் சுமை இறக்குபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல் மெஷின் வைத்திருப்பவர்கள், சீசனில் தழையோடு கேரட் கட்டுகளும் மசாலா தடவிய மாங்காயும் சாலையோரம் விற்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் உதகைக்குள் வார நாட்களில் 6,000 சுற்றுலா வண்டிகளும் வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகளும்தான் வரலாம் என்று உயர்நீதிமன்றம் வரம்பு கட்டியபோது, அது மலைக்கு நல்லதா கெட்டதா என்று எல்லோரும் வாதிட்டார்கள். மலை மூச்சுவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வண்டிகளை நம்பி எத்தனை பேர் மாங்காய் கீறுகிறார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு யாரிடமும் ஏடில்லை.

தொழிலின் பெயர் வெறும் மரியாதைக்கு வேண்டும் என்று கேட்பதாக எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நலவாரியங்கள் தொழில்வாரியாகவே அமைந்திருக்கின்றன: கட்டுமானம், ஆட்டோ, தையல், சலவை, வீட்டுப்பணி, சாலையோர வணிகம், சமையல் என்று ஒவ்வொன்றும் தனி. கட்டுமான வாரியத்துக்குள்ளேயே கொத்தனார், தச்சர், கம்பி வளைப்பவர், கல் உடைப்பவர் என்று பிரிவுகள் உண்டு. 60 வயதுக்குப் பிந்திய ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து மரணத்துக்கான உதவித்தொகை எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே வருகின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலும் தொழிலைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வணிகர் சட்டம், நகர மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வணிகர்களுக்கு இடமளிக்கலாம் என்கிறது. 2011 கணக்குப்படி 88,430 பேர் கொண்ட உதகை நகரத்துக்கு அது 2,200 பேருக்குச் சற்று மேல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய எண். ஆனால் அந்தப் பட்டியலில் இடம்பெற ஒருவர் முதலில் தன்னை வணிகர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்களோ, தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டே கூலி என்று சொல்பவர்கள்.

கணக்கெடுப்பின் வகைப்பாட்டிலும் ஒரு விநோதம் உண்டு. அது உங்கள் கையில் இல்லை என்று தெரிந்தே சொல்கிறேன். 1991 வரை, கால்நடை, காடு, மீன்பிடிப்பு ஆகியவற்றோடு சேர்த்தாவது தோட்டத் தொழிலுக்கு ஒரு பிரிவு இருந்தது. 2001-லிருந்து வெளியாகும் அடிப்படை அட்டவணைகளில் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர் என்ற நான்கே பத்திகள். அவற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ‘பிற தொழிலாளர்’. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அதே பத்தியில்தான். கொழுந்துக் கூடையோடு மழையில் நிற்கும் பெண்ணும், மாவட்ட ஆட்சியரும், நீங்களும் ஒரே பத்தியில் இருக்கிறீர்கள் என்பது ஒரு விதத்தில் மகிழ்ச்சியான சமத்துவம்தான். கேரட் வேலை செய்பவர் நிலத்தில் நிற்கும்வரை விவசாயத் தொழிலாளி. அதே விடியலில் மெஷின் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் எந்தப் பத்தி? இந்தக் கேள்விக்கு மேலிடத்தில் யாராவது விடை தேட வேண்டுமானால், நீங்கள் எழுதும் தொழில் விவரம் ஒன்றே அவர்களுக்கு ஆதாரம். 2011 படிவத்தில் தொழிலின் பெயருக்கு ஒரு கேள்வியும், அது எந்தத் துறை சார்ந்தது என்பதற்கு ஒரு கேள்வியும் தனித்தனியே இருந்தன. அங்கே ‘கேரட் கழுவும் இயந்திரம் ஓட்டுபவர்’ என்று எழுதியிருந்தால் பின்னால் உரிய பத்தியில் வைக்கலாம். ‘கூலி’ என்று எழுதியிருந்தால் எதிலும் வைக்கலாம், அதனால்தான் சிக்கல்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத் தலைவர் வாசலில் நின்று, “வீட்டுக்காரம்மா வேலைக்குப் போறதில்லைங்க, சும்மாதான் இருக்கு” என்று சொல்லக்கூடும். அந்தச் ‘சும்மா’வை நம்பாதீர்கள். கேரட் பருவத்தில் நான்கு மாதம், சீசனில் காட்டேஜ் சுத்தம் செய்ய இரண்டு மாதம், இடையில் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய பின், அதாவது செடியின் கிளைகளைக் கழித்த பின், மிளாறு என்னும் சுள்ளி பொறுக்க இருபது நாள் என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்தான் அவர். எதுவும் தொடர்ந்து இல்லாததால் தனக்குத் தொழில் இல்லை என்று அவரே நம்புகிறார். கணக்கெடுப்பு கேட்பது கடந்த ஓராண்டில் எப்போதாவது வேலை செய்தாரா என்பதைத்தான். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் முதன்மைத் தொழிலாளர், குறைவு என்றால் குறுகியகாலத் தொழிலாளர். ஆகவே அவரையே நேராகக் கேளுங்கள், “என்ன தொழில்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “போன ஆடியில எங்கே போனீங்க, தை மாசம் என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். நான் என் கடையில் அண்மைக் காலமாக அப்படித்தான் கேட்கிறேன். நேரம் அதிகமாகிறது. ஆனால் விடை வருகிறது, சில நேரம் சிரிப்போடு வருகிறது.

பிறந்த இடத்தைக் கேட்கும்போது சில வீடுகளில் பேச்சு தடுமாறும். முதியவர்கள் பதுளை, நுவரெலியா, அட்டன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பார்கள். குடியுரிமை பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டு, கண்டியில் வாங்கிய கடவுச்சீட்டும் மண்டபத்துக் குடும்ப அட்டையும் வெளியே வந்துவிட்டுப் போகும். 1983-க்குப் பிறகு போரால் அகதிகளாக வந்தவர்களையும், அதற்கு முன்பே ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாகக் கப்பலேறிய எங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள், நாங்கள் வந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், ஓர் அலுவலகத்தில் என்னிடம், “நீங்க எந்தக் கேம்ப்?” என்று கேட்டார்கள். அகதிகளாக வந்தவர்கள்மீது எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது, அவர்களும் எங்கள் மக்களே. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பயந்து வயதானவர்கள் பிறந்த ஊரை மறைக்க நேரக் கூடாது. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, நீங்கள் குறிக்கும் விவரத்தை யாரும் பார்வையிடவோ வழக்கில் சாட்சியாக வைக்கவோ முடியாது என்கிறது. எங்களை நாடற்றவர்களாக்கிய சட்டமும் அதே 1948-ஐச் சேர்ந்தது. இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள், ஒரே ஆண்டு. கேள்வியைத் தொடங்குமுன் அந்த 15-ஆம் பிரிவை இரண்டு வரியில் அவர்களுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் ஊரின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் அதன் உட்பிரிவின் பெயரையும்கூடச் சேர்த்தே சொல்வார்கள்.

இன்னொரு கூட்டத்தையும் நீங்கள் சந்திப்பீர்கள். எங்கள் பிள்ளைகள் இறங்கிப் போன தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்களும் குடும்பங்களும் கொழுந்தெடுக்கிறார்கள். காய்கறித் தோட்டங்களிலும் கட்டட வேலையிலும் அவர்கள் இருக்கிறார்கள். எங்களைச் ‘சிலோன்காரன்’ என்று அழைத்த அதே குரலில் அவர்களை ‘வடக்கன்’ என்று அழைக்கிறார்கள், வருத்தத்தோடு சொல்கிறேன், எங்களில் சிலரும் அழைக்கிறார்கள். மொழி தெரியாது என்பதற்காக மேஸ்திரியிடம் மொத்தமாகக் கேட்டு, பதினைந்து பேருக்கும் ஒரே சொல்லை எழுதிவிடாதீர்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில், காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, இத்தனை தலை என்று கங்காணி சொல்லி எழுதிய காலத்தை நாங்கள் பார்த்துவிட்டோம்.

சில நடைமுறை வேண்டுகோள்களும் உண்டு. எங்கள் குடியிருப்புகளுக்குக் காலையிலோ மதியத்திலோ வந்தால் பூட்டிய கதவுகளையும் தூங்கும் மனிதர்களையும்தான் பார்ப்பீர்கள். கேரட் வேலைக்குப் போனவர்கள் முற்பகலில் திரும்பி, மதியம் உறங்குவார்கள். நான்கு மணிக்கு மேல் வாருங்கள். பயிற்சி வகுப்புகளில் உங்களுக்குத் தொழில்களின் மாதிரிப் பட்டியல் ஏதேனும் தரப்பட்டால், அதில் நீலகிரிக்குரிய தொழில்கள் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூலி என்று மட்டும் எழுதப்பட்டு வரும் பதிவுகளைத் திருப்பி அனுப்புங்கள். டேன்டீ தோட்டங்களின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைப்பதென 2022-இல் முடிவான பிறகு, அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இப்போது என்ன செய்கிறார்கள் என்பதை அறியும் ஒரே வாய்ப்பாக இந்தக் கணக்கெடுப்பு அமையலாம் என்பதைக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளுக்குச் செல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

என் பங்குக்கு, கடையில் ஓர் ஏட்டைத் திறந்திருக்கிறேன். வருபவர்கள் தங்கள் வேலையை எந்தச் சொல்லால் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதி வைக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு தொழில்கள் சேர்ந்திருக்கின்றன. உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் பணமில்லாமல் நகல் எடுத்துத் தருகிறேன்.

கடைசியாக, என் வீட்டுக்கு வருபவருக்கு. என் அம்மாவுக்கு வயது 76, வலது காது கேட்காது, இடப்புறம் உட்கார்ந்து பேசுங்கள். பிறந்த இடம் ஹப்புத்தளை என்பதைத் தயங்காமல் சொல்வார். தொழில் என்ன என்று கேட்டால், “கெழவிக்கு என்னா தொழிலு, ஒண்ணுமில்லன்னு போடுங்க” என்பார். வற்புறுத்தினால், “கூலின்னு போடுங்க” என்பார். அடுப்பங்கரை மூலையைப் பாருங்கள். அங்கே இரண்டு மூட்டை மலைப்பூண்டு இருக்கும். வியாபாரி வீட்டில் கொண்டுவந்து இறக்கும் அந்தப் பூண்டின் தாளையும் வேரையும் அறுத்து, பருமன் வாரியாகப் பிரித்து, கிலோ கணக்கில் காசு வாங்குகிறார்; நாளைக்கு ஆறு மணி நேரமாவது அந்த வேலை நடக்கிறது. அதை எழுதிக்கொண்டு, மேலே ஒரு கேள்வி கேட்க நேரமிருந்தால், தோட்டத்தில் ஒரு மாதத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் போட்டார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
காந்தலில் விண்ணப்பம் எழுதும் ஒரு பெண்
உதகமண்டலம்